பையனுக்கும் ஏன் ருபெல்லா ஊசி?

ருபெல்லா வந்த பையனுக்கு லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கும் சிவப்புத் தடிப்பு. மூன்று நாளில் சரியாகிவிடும். பிறகு எதற்கு ஊசி?

அவன் தும்மும்போது பக்கத்தில் இரண்டு மாதக் கர்ப்பிணி நிற்கலாம். அவருக்கு எதிர்ப்புசக்தி இல்லையென்றால், வைரஸ் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குள் இறங்கும். உறுப்புகள் உருவாகும் நேரம் அது. கண்புரை, காதுகேளாமை, இதயக் கோளாறு என்று குழந்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். கண்புரையோடு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து, 1941-இல் இந்தத் தொடர்பைச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்.

வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசி இது, கர்ப்பிணிக்குப் போடமாட்டார்கள். சுற்றியிருப்பவர்கள்தான் அவருக்குக் காவல். அதனால்தான் 2017-இல் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் போட்டார்கள். பெண்களோடு நிறுத்தியிருந்தால் வைரஸ் பையன்களிடையே சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.