சொத்தும் சொந்தமும் - 14: மகளுக்குப் பவுன் கணக்கு, மகனுக்கு?

சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் பிள்ளைகள் வாங்கும் வீடுகள் பலவற்றில் பெற்றவர்களின் பணமும் சேர்ந்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில் கொஞ்சம் விற்று முன்பணம் கொடுக்கிறார் ஒருவர். ஓய்வூதியப் பணத்தை அப்படியே எடுத்துத் தருகிறார் இன்னொருவர். கோவையில் சென்ட் விற்கிற விலைக்கு, சம்பளத்தை மட்டும் நம்பி இடம் வாங்க எத்தனை பேரால் முடியும்? பிள்ளைக்குக் கை கொடுப்பதில் தப்பே இல்லை. கூடப் பிறந்தவர்களுக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு.

நம் ஊரில் இது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அப்பா பெயரில் பத்து சென்ட் சைட் இருக்கும். மகன் வீடு கட்ட வங்கிக் கடன் கேட்பான். "இடம் உங்க பேர்ல இருந்தாச் சுலபமுங்க" என்பார்கள். அடுத்த வாரமே பத்திர எழுத்தரிடம் போய்த் தான செட்டில்மென்ட் எழுதிவிடுவார்கள். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், உச்சவரம்பு 10,000. இரண்டும் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள். கிரயத்துக்கு 9 சதவீதம் கட்டுகிற இடத்தில் இது மலிவு. கைரேகை, போட்டோ, இரண்டு சாட்சி, அவ்வளவுதான்; மதியச் சாப்பாட்டுக்குள் இடம் மகனுடையது. கோபியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு விஷயம் தெரிவது, பல வருடம் கழித்து யாராவது வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போதுதான்.

அந்த மகளுக்குச் செய்ததற்கோ கணக்கு சுத்தமாக இருக்கும். எத்தனை பவுன், என்ன கார், மண்டபம் எவ்வளவு, சாப்பாடு எத்தனை இலை, முதல் பிரசவச் செலவு வரைக்கும் அம்மா மனப்பாடமாகச் சொல்வார். அதையே காட்டித்தான் "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே கண்ணு" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். மகனின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்தது மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. இந்தப் பழக்கம் அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது தமிழ்நாடு. 2005இல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே பூர்வீக இடத்தை அப்பா தன் இஷ்டத்துக்கு ஒரு மகனுக்கு எழுதிக் கொடுத்தால், வழக்கு வரும்போது அது நிற்காது.

சுயசம்பாத்தியம் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், மீதி இருப்பதை அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். முன்பே மகனுக்குப் போனதை யாரும் கழிக்க மாட்டார்கள். பிரான்சில் அப்படியில்லை. பெற்றவர் வேறு மாதிரி எழுதி வைக்காவிட்டால், ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அவனது வாரிசுப் பங்கில் முன்கூட்டியே தந்ததாக எடுத்துக்கொண்டு, பிரிவினையில் கணக்குச் சேர்ப்பார்கள். இங்கே அந்த வேலையைப் பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

எப்படிக் கணக்கிடுவது? பெரியவனுக்கு ஃபிளாட் வாங்க 20 லட்சம் பணமாகத் தந்திருந்தால், அந்த 20 லட்சத்தோடு வங்கி டெபாசிட் வட்டியைச் சேர்த்துக் கழிப்பதே நியாயம் என்பேன். வீட்டின் இன்றைய விலையைக் கேட்கக் கூடாது. மாதாமாதம் தவணை கட்டியவன் அவன். இடமாகக் கொடுத்திருந்தால் விஷயம் வேறு. இடம் தானாக விலை ஏறியது. அதனால் பிரிக்கிற அன்றைய மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். மகளின் நகையைச் சேர்ப்பதானால் அதையும் இதே பட்டியலில், இதே முறையில் சேர்க்கட்டும்.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். பெற்றவர் பிள்ளைக்குத் தரும் கொடைக்கு வருமான வரி கிடையாது, ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதைச் சட்டம் தடுக்கிறது. கடனா, கொடையா என்பதையும் எழுதிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஈடு செய்ய நினைத்தால், அதைப் பதிவு செய்த உயிலில் காரணத்தோடு சொல்லுங்கள்.

எழுதிக் கொடுக்கிறவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய செட்டில்மென்ட்டை, பிள்ளை கைவிட்டால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவில் வழி தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் பின்னால் வாதாட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கக் கூச்சப்படாதீர்கள்.

இந்த மாதம் மகனுக்கு இடம் எழுதித் தரப் போகிறீர்கள் என்றால், பத்திர எழுத்தரைப் பார்க்கும் முன்பு மகளுக்குப் போன் செய்யுங்கள். என்ன தருகிறோம், ஏன் தருகிறோம், அவளுக்கு எப்போது எது வரும் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் கோபப்பட்டாலும் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: உயில் எழுதுவது எப்படி?)