முதியோர் சொல்லும் மாணவர் ஏடும்

நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தல் ஆய்வாளர்க்கே உரிய பணி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பள்ளிச் சிறுவர் அதனை மேற்கொண்டால் விளைவது யாது? அயர்லாந்து நாடு 1937இல் இவ்வினாவிற்குச் செயலால் விடையளித்தது.

அங்கு நாட்டார் வழக்காற்று ஆணையம் 1935இல் நிறுவப்பெற்றது. ஊர்தோறும் சென்று கேட்டெழுத அதனிடம் இருந்த தொகுப்பாளரோ மிகச் சிலர். கதையறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்தனர். எனவே ஆணையம் கல்வித்துறையையும் ஆசிரியர் சங்கத்தையும் துணைக்கொண்டு தொடக்கப்பள்ளிகளை நாடியது. 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவரே தொகுப்பாளராயினர்.

இத்திட்டத்தின் உயிர்நாடி பாடவேளையில் அமைந்திருந்தது. வழக்கமான கட்டுரைப் பயிற்சியின்மேல் இதனையும் சுமத்தாமல், அப்பயிற்சியையே விலக்கி, அந்நேரத்தை இதற்கு வழங்கினர். காணாத கடலையும் ஏறாத மலையையும் வருணித்து எழுதிய சிறுவர், பாட்டனார் வாய்மொழியை எழுதலாயினர். எழுதுவதற்குச் செய்தி இருந்தமையால் மொழியும் தானே வந்தது.

ஆணையத்தின் ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூலவான் ஆசிரியர்க்கென 55 தலைப்புகள் கொண்ட கையேடொன்றை வகுத்தார். புதையல், மழைக்குறி, கைவைத்தியம், கொல்லன் பட்டறை எனத் தலைப்புகள் விரிகின்றன. 'பாதப் பராமரிப்பு' என்பதும் அவற்றுள் ஒன்று! முற்காலத்தார் எவ்வயதில் காலணி அணியத் தொடங்கினர் என்று சிறுவர் கேட்டறிந்தனர். ஒரு நாட்டின் வறுமை வரலாற்றை இதனினும் எளிதாகக் கேட்டறிய இயலுமா? 1845இல் தொடங்கி ஏறத்தாழ 10 இலட்சம் உயிர்களைக் கொண்ட பெரும்பஞ்சமும் ஒரு தலைப்பாயிற்று. தம் பெற்றோர் சொல்லக் கேட்டதை முதியோர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லினர். பல பதிவுகளின் அடியில் சொன்னவரின் பெயர், வயது, ஊர் ஆகியன காணப்படுகின்றன. ஏட்டுக்கல்வி இல்லாதவரும் இவ்வாறு பள்ளிக்குச் சான்றாளராயினர்.

குறைகளும் உண்டு. பெருநகரப் பள்ளிகள் பெரிதும் விடுபட்டன. முதியோர் பேச்சு சிறுவர் கையிலும், பின்னர் ஆசிரியர் கையிலும் ஓரளவு செப்பமுற்றது. வட்டார வழக்கை ஆய்வோர்க்கு இஃது இழப்பே.

திட்டம் 1939 வரை நீடித்தது. ஏறக்குறைய 5,000 பள்ளிகள் பங்கேற்றன. தேர்ந்தெடுத்துப் படியெடுத்த 4,51,000 பக்கங்கள் 1,128 தொகுதிகளாக டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளன. மாணவர் முதலில் எழுதிய குறிப்பேடுகளின் 2,88,000 பக்கங்களும் அங்கேயே காக்கப்படுகின்றன. ஆசிரியப் பணியில் உள்ளோர் முதலில் புரட்டத்தக்கவை இக்குறிப்பேடுகளே என்பது என் கருத்து. கேட்டவுடன் சிறுவர் எழுதியது எழுத்துப்பிழையோடு அவற்றில்தான் நிற்கிறது.