வியர்வைக்கு வழி, பனிக்குத் தடை

குல்மார்க்குக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் வழியில் தங்மார்க்கில் இறங்கிவிடுவார்கள். அங்கே கடை கடையாகத் தொங்கும் நீளக் கோட்டுகளையும் கம்பூட்டுகளையும் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டால்தான் மேலே ஏற மனம் வரும். கோண்டோலாவில் ஏறி, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் அஃபர்வத் மலைச்சரிவில் போய் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். கனத்த கோட்டுக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்குபவர்கள் ஒரு பக்கம். மெல்லிய ஜாக்கெட்டோடு சரிவில் பாய்ந்து இறங்குபவர்கள் இன்னொரு பக்கம். அந்த ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் முக்கால் கிலோகூடத் தேறாது. விலையோ ஒரு நல்ல ஃபிரிட்ஜின் விலைக்குப் போட்டி போடும்.

குளிரைத் தாங்குவதற்கு இவ்வளவு விலையா என்று கேட்டால், அந்த மெல்லிய உறையின் முதல் வேலை குளிரைத் தாங்குவதே அல்ல. தண்ணீரைச் சமாளிப்பதுதான். அதுவும் இரண்டு பக்கத்திலிருந்து வரும் தண்ணீர்.

வெளியிலிருந்து வருவது எளிதில் புரியும். விழுந்தால் பனியில் புரள வேண்டும். சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் ஈர இருக்கையில் உட்கார வேண்டும். உடம்புச் சூட்டில் பனி உருகித் துணியில் இறங்கும். உள்ளிருந்து வருவது வியர்வை. கடுமையாக உழைக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்வை சிந்தும். தொடை கடுக்கச் சறுக்கி இறங்கியவர் அடுத்த நிமிடம் லிஃப்டில் அசையாமல், எதிர்க்காற்றில் உட்கார்ந்து மேலே போகிறார். உள்ளாடை நனைந்திருந்தால் அந்தச் சில நிமிடங்கள் போதும், பல் கிட்டிப்போகும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதுதான் காரணம். பனிமலையில் நனைவதும் குளிரில் விறைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே.

வெளித் தண்ணீரை மட்டும் தடுக்க வேண்டுமானால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும். 1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் செய்ததும் ஏறக்குறைய அதுதான். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வரவில்லை. வியர்வை வெளியே போகவும் இல்லை. அந்தக் கோட்டைப் போட்டு நடந்தவர் உள்ளுக்குள்ளேயே நனைந்தார்.

இந்தச் சிக்கலுக்கு வட துருவத்தை ஒட்டி வாழும் மக்கள் எப்போதோ ஒரு வழி கண்டிருந்தார்கள். கடல்நாய், வால்ரஸ் போன்ற விலங்குகளின் குடலைச் சுத்தம் செய்து, ஊதிக் காயவைத்து, பட்டை பட்டையாகத் தைத்து மேலங்கி செய்தார்கள். தாள்போல் மெல்லியது, கடல் அலை மேலே அடித்தாலும் தண்ணீர் இறங்காது, உள்ளிருக்கும் ஆவி மட்டும் கசிந்து வெளியேறும். இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிறுவனம் வேறொரு வழியில் போனது. வட அட்லான்டிக் கடலில் விழும் விமானிகளுக்காக, நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து ‘வென்டைல்’ என்ற துணியை உருவாக்கியது. நனைந்தவுடன் இழைகள் ஊதி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் நனைந்த வென்டைல் கனக்கும், விறைக்கும்.

இன்றைய ஜாக்கெட்டின் கதை ஒரு காலி சிலிண்டரில் தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், காலியானதுபோல் தெரிந்த சிலிண்டரில். 1938 ஏப்ரல் 6 அன்று டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். குளிர்பதனப் பொருள் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த வாயு அதில் இருந்தது. திறந்தால் ஒன்றும் வரவில்லை. எடை போட்டால் வாயு உள்ளேதான் இருக்கிறது. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. வாயு தானாகவே பாலிமராக மாறியிருந்தது. பின்னாளில் தோசைக்கல் வரை வந்து சேர்ந்த டெஃப்லான் அதுதான்.

டூபான்டில் வேலை பார்த்த பில் கோர், அந்தப் பொருளில் இன்னும் எவ்வளவோ செய்யலாம் என்று நம்பி, 1958-இல் மனைவி வீவோடு சேர்ந்து வீட்டின் அடித்தளத்திலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். மகன் பாப் கோர் 1969-இல் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நோக்கம் ஒன்றும் பெரிதல்ல. குழாய் மரையில் சுற்றுகிறோமே, அந்த வெள்ளை டேப்பைக் குறைந்த பொருளில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. மெதுவாக, பக்குவமாக இழுத்த கம்பிகள் எல்லாம் அறுந்தன. சலிப்பில் ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்துபோகாமல் எட்டு மடங்குக்கு மேல் நீண்டது. பருமனும் அவ்வளவாகக் குறையவில்லை. உள்ளே பெரும்பகுதி காற்றாக, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த ஒரு புதுப்பொருள் கிடைத்தது. அதை மெல்லிய சவ்வாக்கித் துணியோடு ஒட்டியதுதான் 1976-இல் சந்தைக்கு வந்த கோர்டெக்ஸ்.

இதில் கொசுறாக ஒரு வழக்கும் உண்டு. நியூசிலாந்தின் ஜான் க்ராப்பர் 1966-லேயே டெஃப்லானை இழுத்து நீட்டும் எந்திரத்தைச் செய்துவிட்டார். ஆனால் அதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டார். கோர் நிறுவனத்தின் காப்புரிமை தொடர்பான வழக்கில் 1983-இல் தீர்ப்பு வந்தபோது, ரகசியமாகப் பூட்டிவைத்த வித்தை பின்னால் வந்தவரின் காப்புரிமையைத் தடுக்காது என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்புரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

சவ்வு வேலை செய்யும் விதம் எளிது. அதன் துளை ஒரு நீர்த்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. நீராவியின் ஒரு மூலக்கூறைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. துளி நுழையாது, ஆவி நழுவிவிடும். சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் முதலில் வந்த ஜாக்கெட்டுகள் சில மாதங்களில் ஒழுகத் தொடங்கின. வியர்வையோடு சேர்ந்து வரும் உடம்பின் எண்ணெய்ப் பசை சவ்வில் படிந்ததும் தண்ணீரை விலக்கும் குணம் கெட்டது. ஆகவே சவ்வின் உட்புறம் மெல்லிய பாலியூரித்தேன் படலத்தைப் பூசினார்கள். எண்ணெய் நின்றது, காற்றும் நின்றது. ஆவி மட்டும் அந்தப் படலத்தில் ஊறி மறுபக்கம் வெளியேறும்.

கடையில் தொங்கும் சீட்டில் 10,000, 20,000 என்று மில்லிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். துணியின் மேல் நீர்த்தம்பம் ஒன்றை நிறுத்தி, மறுபக்கம் மூன்று இடங்களில் துளி எட்டிப் பார்க்கும் வரை அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது அந்தச் சோதனை. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். மழைக்கு அது தேவையே இல்லை. ஈரப் பனியில் முட்டி போடும்போதும் லிஃப்ட் இருக்கையில் உட்காரும்போதும்தான் அந்தத் தாங்குதிறன் பயன்படும். சீட்டில் இருக்கும் இன்னோர் எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவி வெளியேறும் என்பது. இதை அளக்கப் பல முறைகள் இருப்பதால், ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே ஆவி அழுத்தம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. தோலை ஒட்டி 35 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். மைனஸ் 10 டிகிரி குளிரில் வெளிக்காற்றில் அது 0.3-ஐத் தாண்டாது. தள்ளுவதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. இதே ஜாக்கெட்டை ஐப்பசி மழையில் சென்னையில் போட்டுப் பார்த்தால்? 30 டிகிரியில் ஈரம் நிறைந்த வெளிக்காற்றின் அழுத்தமே 4.2-ஐத் தொட்டுவிடும். தள்ள ஆளில்லை. அரை லட்சம் ரூபாய் ஜாக்கெட்டுக்கும் நடைபாதையில் விற்கும் மழைக்கோட்டுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இருக்காது.

துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தைத்தால் ஓட்டை விழும். ஜாக்கெட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு தையலின் மேலும் விரல் அகலத்துக்குக் குறைவான ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஊசித் துளைகளை மூடுவதற்காகச் சூட்டில் உருக்கி ஒட்டியது. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் தோள், தலையுறை போன்ற முக்கியமான தையல்களில் மட்டும் ஒட்டி நிறுத்திவிடுவார்கள். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், எண்கள் அப்புறம்.

சரி, கதகதப்பு எங்கிருந்து வருகிறது? அசையாத காற்றிலிருந்து. தூவியோ கம்பளியோ பாலியஸ்டரோ, எல்லாமே காற்றைச் சிறைப்பிடிக்கும் கருவிகள்தாம். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்கள் கம்பளியும் ட்வீடும் அணிந்து வர, அவர் மட்டும் பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். முதலில் கேலி செய்தார்கள். குளிர் ஏற ஏறக் கேலி பொறாமையாக மாறியது. அதே ஃபின்ச் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, 1952 முதல் 1957 வரை புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். தூவியின் இதம் நமக்கும் புதிதல்ல. வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையில் அன்னத் தூவிதான் இருக்கிறது.

தூவியின் தரத்தை எடையால் அல்ல, அது அடைத்துக்கொள்ளும் இடத்தால் அளப்பார்கள். 800 என்று முத்திரை குத்திய தூவியில் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம், 800 கன அங்குலம் விரியும். சுமார் 13 லிட்டர்! இவ்வளவு லேசான கதகதப்பு வேறு எதிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகச் சுருண்டு, காற்றையெல்லாம் கோட்டைவிட்டுவிடும். நனைந்தாலும் கைவிடாத மாற்றுப் பொருளை அமெரிக்க ராணுவம் கேட்க, 1980-களில் பிறந்தது ப்ரைமாலாஃப்ட். மிக மெல்லிய பாலியஸ்டர் இழைகள். அவை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் சில்லிடாமல் இருக்கும். இவை எதிலும் சேராதது பருத்தி. நம் ஊர் வெயிலுக்கு உகந்த காட்டன் பனியன், வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. பனிமலையில் அதைப்போல் மோசமான உள்ளாடை வேறில்லை.

இந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு கறையும் இருக்கிறது. ஜாக்கெட்டின் மேல்துணியில் தண்ணீர் தாமரை இலையில் உருளுவதுபோல் உருண்டோட வேண்டும். இதற்காகப் பல பத்தாண்டுகளாக ஃப்ளூரின் கலந்த பூச்சுகளைத்தான் பூசினார்கள். கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு உடைவது மிக அரிது. அந்த வேதிப்பொருட்கள் மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் தங்கிவிடுகின்றன. ஆள் நடமாட்டமில்லாத மலை ஏரிகளிலும் பனியிலும்கூட அவை இருப்பதை 2015-இல் கிரீன்பீஸ் அமைப்பு எடுத்துக் காட்டியது. எந்த மலையை ரசிப்பதற்காக ஜாக்கெட் போடுகிறார்களோ, அந்த மலையிலேயே அதன் சுவடு! அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஆடைகளில் இவ்வகைப் பொருட்களைத் தடைசெய்துள்ளன. கடும் ஈரச் சூழலுக்கான உடைகளுக்குக் கலிஃபோர்னியா 2028 வரை தவணை தந்திருக்கிறது. கோர் நிறுவனமும் ஃப்ளூரினை விட்டு, நீட்டிய பாலியெத்திலீன் சவ்வுக்கு மாறிவருகிறது.

புதுப் பூச்சுகள் தண்ணீரைத் தள்ளுகின்றன; எண்ணெயைத் தள்ளுவதில்லை. சன்ஸ்கிரீன், கைப்பிசுக்கு, கழுத்து அழுக்கு எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அழுக்கு ஏறிய மேல்துணி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். சவ்வு அப்போதும் ஒழுகாது; ஆனால் நனைந்த துணி மேலே மூடியிருப்பதால் ஆவிக்கு வழி அடைபடும். உள்ளே பிசுபிசுக்கும். போட்டிருப்பவர் ‘ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் அது அவருடைய வியர்வை.

அடிக்கடி துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து பல பருவங்கள் துவைக்காமலே வைத்திருப்பவர்கள் ஏராளம். நடப்பது நேர்மாறானது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, திரவச் சோப்பில் துவைத்து, ஒரு தடவைக்கு இரு தடவை அலசுங்கள். துணி மென்மையாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது. அதன் பசை பூச்சை மூடிவிடும். காய்ந்தபின் மிதமான சூட்டில் ட்ரையரில் சிறிது நேரம் சுழற்றினால் பூச்சு மறுபடி உயிர்பெறும். ட்ரையர் இல்லாவிட்டால் மேலே ஒரு துண்டை விரித்து லேசாக இஸ்திரி போடலாம். பிறகு குழாயடியில் நாலு துளி தெளித்துப் பாருங்கள். துளி உருண்டோடினால் ஜாக்கெட் இன்னொரு பருவத்துக்குத் தயார். உருளாமல் ஊறினால், பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே புட்டி ஒன்று வாங்கினால் போதும், ஜாக்கெட்டையே மாற்ற வேண்டியதில்லை.