தகரப் பெட்டியோடு போகாத கடதாசிகள்

"பிறந்த திகதி?" என்று படிவம் கேட்டது. அம்மா பதில் சொல்லாமல் இருந்தார்.

சின்ன மாமா 1996 ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒருநாள் காலையில் சைக்கிளில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். திரும்பி வரவில்லை. அம்மா தன் தம்பிக்காக ஏறாத படியில்லை. ஆனால் அவரைப் பற்றிய கடதாசி ஒன்றும் எங்கள் கையில் இல்லை. பிறப்புச் சான்றிதழ், படங்கள், காணி உறுதிகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. 2000 ஆம் ஆண்டு மே மாதம் சண்டை சாவகச்சேரிக்குள் வந்தபோது உடுத்த உடுப்போடு வெளியேறினோம். 2002 இல் போர்நிறுத்தத்தின் பின் திரும்பி வந்து பார்த்தால், வீட்டின் இரண்டு சுவர்கள் மட்டும் நின்றன. பெட்டி இருந்த அறையில் பூவரசு முளைத்திருந்தது.

படிவத்தை மடித்து வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "இருந்தவனை இருந்தவன் எண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லையே."

அந்த வார்த்தைக்காகத்தான் தேடத் தொடங்கினேன். ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. எங்களைப்போல் பெட்டியை இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். அவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். நான் அறிந்துகொண்டதன் சாரம் இதுதான்: எங்கள் பெட்டியில் இருந்தவை பிரதிகள் மட்டுமே. அதே வாழ்க்கையைப் பாடசாலையும் பதிவாளரும் நொத்தாரிசும் அயலவரும் தங்கள் தேவைக்காக வேறிடங்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

முதலில் முதியவர்களிடம்

நான் விட்ட முதல் பிழை, நேரே பிரதேச செயலகத்துக்குப் போனது. மாமாவை நாங்கள் கூப்பிட்ட பெயரைச் சொல்லித் தேடக் கேட்டேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது.

பிறகுதான் கொடிகாமத்தில் இருக்கும் அம்மம்மாவின் தங்கையிடம் போனேன். வயது எண்பத்தெட்டு. காது மந்தம், நினைவு மந்தமில்லை. "அது வீட்டில கூப்பிட்ட பேர் மோனை. பதிஞ்சது பேரன்ர பேர். அவன் இஞ்ச பிறக்கேல்லை. பிள்ளை குறுக்காய்க் கிடந்ததெண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை" என்றார்.

இந்த இரண்டு வசனங்களும் எனக்குப் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தின. பிறப்பு, சொந்த ஊரில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவிலேயே பதியப்படும். ஆஸ்பத்திரியில் பிறந்தவரை ஊர்ப் பதிவேட்டில் தேடிக் கிடைக்காது. ஆகவே அலுவலகத்துக்குப் போகமுன் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பதிவுப் பெயர், பிறந்த இடம், அந்த வருடம் நடந்த வேறு ஏதாவது ஒன்று. ஆண்டு நினைவில்லாதவர்களுக்கும் புயலும் தேர்தலும் அக்காவின் கலியாணமும் நினைவிருக்கும்.

பாடசாலை இடாப்பு

அடுத்து மாமா ஆறாம் வகுப்பில் சேர்ந்த பாடசாலைக்குப் போனேன். சேர்வு இடாப்பு இருந்தது. 2000 இல் பாடசாலை இடம்பெயர்ந்தபோது, கதிரை மேசைகளை விட்டுவிட்டு இடாப்புகளை உரப்பைகளில் கட்டி ஏற்றிப் போனார்களாம். அட்டையைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே நீல மை மங்கவில்லை.

சேர்வு இடாப்பின் ஒரு வரியில் சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, சமயம், முகவரி, முன்னர் படித்த பாடசாலை, சேர்ந்த திகதி, விலகிய திகதி எல்லாம் இருக்கும். பாதுகாவலரின் பெயரும் இருக்கும். 1972 தை மாதத்து வரியில் மாமாவின் பாதுகாவலராக எழுதப்பட்டிருந்தது என் அம்மாவின் பெயர். உறவு: சகோதரி.

அம்மாவுக்கு அப்போது இருபது வயது. அம்மப்பா அதற்கு முந்தைய வருடம் மோசம் போயிருந்தார். அம்மம்மா வெளியில் இறங்காத காலம். தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போனது தான்தான் என்பதையே அம்மா மறந்துபோயிருந்தார்.

பிறப்புப் பதிவு

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1867 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவுகள் இரட்டைப் பிரதிகளாக எழுதப்படுவதால், ஓரிடத்தில் அழிந்தது இன்னோரிடத்தில் இருக்க வாய்ப்புண்டு. பதிவிலக்கம் தெரியாவிட்டால், காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடித் தருமாறு கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். தேடியும் கிடைக்காவிட்டால் "பதிவு இல்லை" என்ற பெறுபேற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதென்றால் அது தேவைப்படும்.

பதிவுப் பெயரையும் யாழ்ப்பாணத்தையும் கொடுத்தபோது மாமா கிடைத்தார். பிறப்புச் சான்றிதழைப் பெயருக்கும் திகதிக்கும் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். தாயின் கன்னிப் பெயர், பெற்றோர் பிறந்த இடங்கள், தந்தையின் தொழில், பிறப்பை அறிவித்தவரின் பெயர் என்பவற்றோடு, பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த வருடம், இடம் ஆகியவற்றுக்கும் அதில் கூடுகள் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை.

அயலவரின் உறுதி

காணி உறுதிகளின் தேடல்தான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. எங்கள் உறுதியின் இலக்கமும் தெரியாது, எழுதிய நொத்தாரிசும் உயிரோடு இல்லை. தெரிந்ததெல்லாம் காணியின் பெயர் மட்டுமே.

யாழ்ப்பாணத்து உறுதி ஒவ்வொன்றிலும் காணியின் பெயரும், இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற அளவும், நான்கு எல்லைகளும் இருக்கும். எல்லை என்றால் அயலவரின் பெயர். பக்கத்து வளவுக்காரர் கொழும்பில் இருந்ததால் அவருடைய உறுதி தப்பியிருந்தது. அதில் மேற்கு எல்லையாக என் அம்மம்மாவின் தாயின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் எவரும் அறிந்திராத பெயர். எங்கள் உறுதி எரிந்துபோனாலும் அயலவரின் உறுதியில் நாங்கள் ஒரு எல்லையாக நின்றுகொண்டிருந்தோம்.

அங்கே ஒரு பெண்ணின் பெயர் இருந்தது தற்செயல் அல்ல. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி சீதனக் காணி பெண்ணுக்கே உரியது. வேறு பதிவுகளில் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் வரும் பெண்கள், உறுதிகளில் தங்கள் சொந்தப் பெயரோடு வருவார்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். ஆகவே காணியின் பெயரையும் எல்லைகளையும் வைத்து அங்கே தேடலைத் தொடங்கலாம்.

கல்வெட்டும் மலர்களும்

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டை நாங்கள் வாசித்துவிட்டு எங்கேயோ போட்டுவிடுவோம். ஆனால் வம்சாவளி அச்சில் இருப்பது பெரும்பாலும் அதில் மட்டும்தான். உறவினர் வீட்டு அலுமாரிகளில் கேளுங்கள். பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய ஆண்டுவிழா மலர் என்பவற்றில் குழுப்படங்கள் இருக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்படியான மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. எங்களுக்கு அங்கே ஒரு மலர் கிடைத்தது. பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக மாமா. பதினாறு வயது இருக்கும்.

ஒத்துவராத திகதிகள்

பாடசாலை இடாப்பில் மாமா பிறந்தது 1961 ஓகஸ்ட். பிறப்புப் பதிவில் அதே வருடம் நவம்பர். வகுப்பில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்வது அந்தக் காலத்தில் புதிதல்ல. முரண்பாட்டைக் கண்டு பயப்படவும் வேண்டாம், நீங்களாகத் திருத்தவும் வேண்டாம். இரண்டையும் உள்ளபடியே பிரதி எடுங்கள். அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: தம்பி பிறந்த செய்தி வந்தபோது வீட்டுக்குள் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. நவம்பர்தான் சரி.

இப்போது படிவத்தை நிரப்பலாம். 2010 ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தில் 2016 இல் செய்யப்பட்ட திருத்தம், மரணச் சான்றிதழ் இல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற இடம் தருகிறது. அதைப் பெறுவதா இல்லையா என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்யவேண்டும். அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

கிடைத்தவற்றையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். இடாப்பின் பிரதியில் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோப்பை என்னிடமே திருப்பித் தந்தார்.

"அஞ்சு பிரதி எடு. ஒண்டை மாமி வீட்டில வை, ஒண்டைக் கனடாவுக்கு அனுப்பு. எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள வைக்காதை."