மூக்கு உள்ளே இருக்கட்டும்

மிதந்து பார்ப்பவருக்குப் போதுமான மாஸ்க், மூழ்கிப் பார்ப்பவருக்கு ஆபத்தாக முடியலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதிகாரபூர்வமான பெயர் சுவராஜ் த்வீப்) கடலுக்கு வரும் பயணிகள் இரண்டு ரகம். எலிபண்ட் கடற்கரையில் நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி, வாயில் கவ்விய குழாய் வழியே சுவாசித்துப் பவழப் பாறைகளைப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். இது ஸ்நார்கலிங். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கே போகிறவர்கள் இன்னொரு ரகம். இது ஸ்கூபா. இரு தரப்பினரும் மாஸ்க் அணிகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

மாஸ்க் இல்லாமல் கடலுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாமே மங்கல். மனிதக் கண் காற்றில் பார்க்கப் பழகியது. கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் அறை காற்றை நிறுத்தி வைப்பதுதான் மாஸ்க்கின் வேலை. (இந்த ஏற்பாட்டில் மீன்கள் நிஜ அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரையேறியதும் சொல்லப்படும் கதைகளில் இதைக் கழித்துக்கொள்வது நல்லது.) ஆனால் கீழே இறங்க இறங்க அந்தக் காற்றே சிக்கலாகிறது.

கடல் மட்டத்தில் நம்மீது இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அது 2 மடங்காகிறது. அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கன அளவு பாதியாகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி. மாஸ்க்குக்குள் சிக்கிய காற்றும் இதற்கு விலக்கல்ல. அது சுருங்கும்போது மாஸ்க் முகத்தை அழுத்திப் பிடித்து உறிஞ்சத் தொடங்குகிறது. கவனிக்காமல் விட்டால் கண்ணைச் சுற்றி வீங்கும். வெள்ளைவிழியின் நுண் ரத்தக் குழாய்கள் வெடித்து கண் ரத்தச் சிவப்பாகும். தவிர்க்கும் வழி எளிது: இறங்கும்போது மூக்கு வழியாக அவ்வப்போது கொஞ்சம் காற்றை மாஸ்க்குக்குள் ஊதிவிட வேண்டும். அதற்கு மூக்கு மாஸ்க்குக்குள் இருந்தாக வேண்டும்.

இதனால்தான் கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடி ஸ்கூபாவுக்கு உதவாது. மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்றுவிட வழியில்லை. காதுக்கும் இதே பிரச்சினை உண்டு. இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால்தான் காதடைப்பு விலகும். எனவே மாஸ்க்கின் மூக்குப் பகுதி, வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும்.

2014-இல் பிரெஞ்சு நிறுவனமான டெக்கத்லான் அறிமுகப்படுத்தியதையடுத்துப் பிரபலமான முழுமுக மாஸ்க் இன்னொரு ரகம். நெற்றி முதல் தாடை வரை மூடும். குழாயும் அதிலேயே சேர்ந்திருக்கும். வாயில் குழாயைக் கவ்வ அஞ்சும் புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இது நீர்மட்டத்தோடு சரி. ஸ்கூபாவுக்கான ரெகுலேட்டரை வாயில் வைக்க இதில் இடமில்லை. பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடிக்கவும் முடியாது. மட்டமான தயாரிப்பிலும் முகத்துக்குப் பொருந்தாத அளவிலும், வெளிவிட்ட மூச்சு முழுவதும் வெளியேறாமல் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தங்கக்கூடும். தலைவலியோ தலைசுற்றலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே கழற்ற வேண்டும். (தொழில்முறை மூழ்காளர்கள் அணியும் முழுமுக மாஸ்க் வேறு அமைப்பு, அதற்குத் தனிப் பயிற்சி தேவை.)

ஸ்கூபாவுக்கு, உள்ளே காற்றிடம் குறைவான மாஸ்க் நல்லது. கண்ணாடி முகத்துக்கு நெருக்கமாக இருந்தால் அழுத்தத்தைச் சரிசெய்யக் கொஞ்சம் காற்றே போதும். தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்றுவதும் சுலபம். கண்ணாடி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. உடைந்தாலும் கூரிய சில்லுகளாகச் சிதறாத டெம்பர்டு கண்ணாடி அவசியம். நீர்மட்டத்தை விட்டு இறங்காத ஸ்நார்கலிங்காரருக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. அகலமான பார்வையும் உறுத்தாத விளிம்பும் போதும். ஆனால் மூச்சடக்கி 3 அல்லது 4 மீட்டர் இறங்கிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டால், அவருக்கும் ஸ்கூபா விதிகளே பொருந்தும். ஸ்கூபா மாஸ்க்கை ஸ்நார்கலிங்குக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றுதான் வாங்குவது என்றால் அதையே வாங்குவது புத்திசாலித்தனம்.

எந்த ரகமானாலும் முகத்துக்குப் பொருந்தாவிட்டால் வீண். சோதனை கடையிலேயே செய்யக்கூடியது. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுக்க வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் சரி. விழுந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். பட்டையை இறுக்கிச் சமாளிக்கலாம் என்பது தவறான கணக்கு. அதிகம் இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும்.

மீசைக்காரர்களுக்கு ஒரு சங்கடம். மூக்கின் கீழ் முடி இருந்தால் சிலிகான் விளிம்பு தோலோடு ஒட்டாது. மூக்கை ஒட்டி ஒரு கோடு மழித்துக்கொண்டால் ஒழுக்கு குறையும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் மாஸ்க் போட முடியாது. காது வரை நீளும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும். இரட்டைக் கண்ணாடி மாஸ்க்குகள் சிலவற்றில் பார்வைக்கேற்ற லென்ஸ் பொருத்திக்கொள்ளலாம்.

புது மாஸ்க்கில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் உள்பக்கம் தேய்த்துக் கழுவாவிட்டால் ஓயாமல் ஆவி படியும் (ஆவி படியாத பூச்சு உள்ளவற்றுக்கு இது கூடாது). அதன் பிறகு, இறங்குமுன் உமிழ்நீரைத் தடவிக் கடல்நீரில் அலசும் பழைய வைத்தியமே போதும்.

பயிற்சியாளர் கூடவே இருக்கும் முதல்முறை ஸ்கூபாவில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். அந்த ஆழத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் மூச்சிழுப்பது நிலத்து மனிதனின் இயல்பு. பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் வெளியேறிவிடும். இதை முழங்கால் அளவு தண்ணீரிலேயே பழகிக்கொள்ளலாம். வாடகை மாஸ்க்காக இருந்தாலும், படகு கிளம்புமுன் முகத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். நடுக்கடலில் மாற்று மாஸ்க் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.