குடும்ப ஒளிப்படங்களை எடுத்தலும் எண்ணிம முறையில் திருத்துதலும்

குடும்ப ஒளிப்படம் என்பது வீடு, உறவினர், நண்பர், பயணம், விழா போன்ற சொந்த வாழ்வின் நிகழ்வுகளைத் தம் பயன்பாட்டுக்காக எடுத்து வைத்துக்கொள்ளும் படம் ஆகும். படச்சுருள் காலத்தில் படம் எடுப்பவர் ஒருவராகவும், அதைக் கழுவி அச்சிட்டுத் தருபவர் வேறொருவராகவும் இருந்தனர். எண்ணிமக் கருவிகள் வந்த பின் எடுத்தல், திருத்துதல், பாதுகாத்தல் ஆகிய மூன்று வேலைகளும் ஒருவர் கைக்கே வந்துள்ளன. எனவே, முன்பு ஸ்டுடியோக்காரர் அறிந்திருந்த சில அடிப்படைகளை இன்று எல்லோரும் அறிய வேண்டியுள்ளது.

வரலாறு

எண்ணிமப் படங்களின் வரலாற்றில் குடும்பப் படங்களுக்குத் தனி இடம் உண்டு. 1957-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரசல் கிர்ஷ் என்னும் பொறியாளர் தலைமையிலான குழு, கணினிக்குள் முதன்முதலாக ஓர் ஒளிப்படத்தை வருடிச் செலுத்தியது. 176 × 176 படவணுக்கள் கொண்ட அப்படத்தில் இருந்தது கிர்ஷின் கைக்குழந்தை. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய எண்ணிம ஒளிப்படக்கருவி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. ஃபோட்டோஷாப் மென்பொருளை உருவாக்கிய நோல் சகோதரர்கள், அதன் திறனை விளக்கக் காட்டிய படம் அவர்களுள் ஒருவர் தம் காதலியைக் கடற்கரையில் எடுத்ததாகும். அம்மென்பொருள் 1990-இல் விற்பனைக்கு வந்தது. 1997-இல் கலிபோர்னியாவில் ஃபிலிப் கான் தமக்குப் பிறந்த மகளின் படத்தைக் கைப்பேசி வழியே உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பினார்.

ஒளியைக் கட்டுப்படுத்தும் மூன்று அமைப்புகள்

ஒளி உணரியில் எவ்வளவு ஒளி பதிகிறது, அது எவ்வளவு பெருக்கப்படுகிறது என்பதை மூன்று அமைப்புகள் தீர்மானிக்கின்றன.

துளை: வில்லையின் வழியே ஒளி நுழையும் வாயிலின் அளவு. எஃப் 2 போன்ற சிறிய எண் பெரிய துளையைக் குறிக்கும். துளை பெரிதானால் ஒளி கூடும், பின்னணி மங்கலாகும். குழுப் படத்தில் முன்வரிசை, பின்வரிசை இரண்டும் தெளிவாக இருக்க எஃப் 8 போன்ற சிறிய துளை ஏற்றது.

ஷட்டர் வேகம்: உணரி ஒளியைப் பெறும் நேரம். அமர்ந்திருப்பவரை 1/60 நொடியில் எடுத்துவிடலாம். ஓடி விளையாடும் குழந்தைக்கு 1/500 நொடி அளவு தேவைப்படும். வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் கலங்கிப்போவதற்கு மெதுவான ஷட்டர் வேகமே பெரும்பாலும் காரணம்.

ஐ.எஸ்.ஓ.: உணரியில் பதிந்த குறிகையைப் பெருக்கும் அளவு. இதைக் கூட்டினால் இருட்டிலும் படம் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் மணல் தூவியது போன்ற இரைச்சல் புள்ளிகளும் கூடவே தெரியும். இரைச்சலைத் திருத்தத்தில் ஓரளவு குறைக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தைச் சரியாக மீட்க முடியாது. எனவே இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய நிலையில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதே நல்லது.

கருவியின் கணிப்பும் அதன் பிழையும்

தானியங்கி ஒளிமானி, காட்சியின் சராசரி ஒளி நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர் முன் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரை எடுத்தால், வெள்ளை முழுவதையும் சாம்பலாக்க முயன்று கருவி ஒளியைக் குறைத்துவிடும். அவருடைய முகம் இருண்டுபோகும். சன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நிழலுருவாகத் தெரிவதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்யப் பெரும்பாலான கருவிகளில் ஒளி ஈடுசெய்யும் வசதி உண்டு. மேற்சொன்ன காட்சியில் அதை +1 என வைத்தால் ஒளி இரு மடங்காகும். கைப்பேசியில் திரையில் தெரியும் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தலாம். இவை எல்லாவற்றையும் விட எளிய வழி, எடுக்கப்படுபவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைப்பதாகும்.

கோப்பு வடிவம்

ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 ஒளிநிலைகள் உள்ளன. ரா எனப்படும் பதப்படுத்தாத கோப்பு 14 பிட் அளவில் இருந்தால் 16,384 நிலைகள் கிடைக்கும். ஆகவே ரா கோப்பில் நிழலையும் நிறத்தையும் அதிகம் மாற்ற இடம் உண்டு. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் சிறிது தகவல் இழக்கப்படும். மூலக்கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால் பழைய நிலையைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். நகல் எடுத்து நகலில் வேலை செய்வதே திருத்தத்தின் முதல் விதி.

திருத்தும் வரிசை

கிம்ப், டார்க்டேபிள் போன்றவை இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். எதைப் பயன்படுத்தினாலும் கீழ்க்காணும் வரிசை உதவும்.

1. சாய்ந்த படத்தை நேராக்கி, வேண்டாத ஓரங்களை வெட்டுதல். 6 × 4 அங்குல அச்சு தெளிவாக வர 1800 × 1200 படவணுக்கள் எஞ்சியிருப்பது நல்லது.

2. வெண் சமநிலையைச் சரிசெய்தல். குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். கருவி இதைத் தவறாகக் கணித்தால் படம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரியும். படத்தில் வெள்ளை அல்லது சாம்பல் நிறம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை மென்பொருளுக்குச் சுட்டிக்காட்டினால் மற்ற நிறங்களும் சரியாகும்.

3. ஒளியைச் சரிசெய்தல். ஒளிநிலை வரைபடத்தின் இடப்பக்கம் கருமையையும் வலப்பக்கம் வெண்மையையும் குறிக்கும். வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் முட்டியது போல் நின்றால், அப்பகுதியில் விவரம் பதியவில்லை என்று பொருள். இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். முழுதும் வெளுத்த பகுதியை மீட்க முடியாது.

4. மாறுபாடு, நிறச்செறிவு ஆகியவற்றை மாற்றுதல். இதில் மிதம் வேண்டும். சிவப்புப் பட்டுப் புடவையில் செறிவைக் கூட்டினால் சிவப்பு மட்டும் உச்சத்தை எட்டி, நெசவு மறைந்து ஒரே பூச்சாகத் தெரியும்.

5. தூசு, கறை போன்றவற்றை நீக்கி, தேவையான அளவுக்கு மாற்றி, கடைசியாகக் கூர்மையாக்குதல்.

தோல் நிறம்

அமெரிக்காவில் படச்சுருள் காலத்து ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனத்தின் ஷெர்லி அட்டைகளைப் பயன்படுத்தின. நீண்ட காலம் அவற்றில் இருந்தவர்கள் வெள்ளைநிறப் பெண்கள். கருந்தோல் உடையவர்களின் முகத்தோற்றம் சரியாகப் பதியாமல் போனதற்கு இந்த அளவுகோலும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் வந்தன.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் முகத்தை வெளுப்பாக்கித் தருவது பழக்கமாக இருந்துள்ளது. இன்று கைப்பேசியின் அழகூட்டும் வடிப்பான் அதைக் கேட்காமலே செய்கிறது. முகம் இருட்டாகப் பதிந்திருந்தால் ஒளியைக் கூட்டுவது பிழைதிருத்தம். நிறத்தையே மாற்றுவது வேறு செயல். பாட்டியின் முகச் சுருக்கங்களை அழித்த படம், பின்னாளில் அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைக்கு வேறொருவரைக் காட்டும். எனவே படமெடுக்கும் முன் வடிப்பான் அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது.

பாதுகாப்பும் தனியுரிமையும்

ஒரே கைப்பேசியில் மட்டும் உள்ள படம், அது தொலைந்தால் தானும் தொலையும். மூன்று நகல்கள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு நகல் வேறிடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. செய்திச் செயலிகள் படத்தை வழக்கமாகச் சுருக்கியே அனுப்புவதால், அவற்றின் வழியே வந்ததை மூலப்படமாகக் கருதக் கூடாது. மூலம் தேவையெனில் ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறலாம்.

எக்சிஃப் எனப்படும் தகவல் தொகுப்பு, எடுத்த நாள், நேரம், கருவியின் அமைப்புகள் ஆகியவற்றைக் கோப்புக்குள் வைத்திருக்கும். தன் பிழையைத் தானே கண்டறிய மாணவருக்கு இது உதவும். கலங்கிய படத்தின் ஷட்டர் வேகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். ஆனால் இடங்காட்டி இயங்கினால் வீட்டின் அமைவிடமும் அதில் பதியும். பொதுவெளியில், குறிப்பாகக் குழந்தைகளின் படங்களைப் பகிரும் முன் இத்தகவலை நீக்கிவிட வேண்டும். படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தையும் பெற வேண்டும்.