மடியே முதல் படிப்பகம்!

"எனக்குத்தான் இங்கிலீசு வராதே, அண்ணே! நான் எங்கே பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது?"

கேட்டவர் நம் தோழர். அம்பத்தூரில் லேத் பட்டறைத் தொழிலாளி. இரும்பை ஒரு நூல் பிசகாமல் கடைந்து தள்ளும் கை அவருடைய கை. அந்தக் கை, இரண்டு வயது மகள் ஆசையோடு நீட்டிய படப் புத்தகத்தை வாங்க அஞ்சிப் பின்வாங்கியதைச் சென்ற ஞாயிறன்று நாம் நேரில் கண்டோம்.

மூத்தவள் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவள் கொண்டுவந்த புத்தகம் அது. வீட்டிலே பேச்சு பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "அக்காவிடம் போம்மா" என்றார் தந்தை. அக்காவுக்கோ வீட்டுப்பாடம். குழந்தை இங்கும் பார்த்தது, அங்கும் பார்த்தது. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டது.

சிறிய நிகழ்ச்சிதான், தோழர்களே! ஆனால் அந்த ஒரு நொடியில் குழந்தை கற்றுக்கொண்டது என்ன? புத்தகம் வேறு, அப்பா வேறு என்பதை! புத்தகத்துக்கு ஒரு மொழி, சோற்றுக்கும் அதட்டலுக்கும் இன்னொரு மொழி என்பதை! இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. பிள்ளை தானாகப் படித்துக்கொண்டது.

நாம் புத்தகத்தை எடுத்துப் பிரித்தோம். யானை ஒன்று ஆற்றிலே நின்றது. "யானை என்ன செய்யுது, கண்ணு?" என்றோம். "குளிக்குது!" என்றது குழந்தை, கைப்பேசியை விட்டுவிட்டு. அடுத்த பக்கம். "இது பன்றி" என்றோம். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் தாங்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார். "பன்றி இல்லை அண்ணே, நீர்யானை!" என்றார். பிறகென்ன? புத்தகமும் அவர் கைக்குப் போயிற்று. பிள்ளையும் அவர் மடிக்குப் போயிற்று! எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம். படத்துக்கு ஏது மொழி? பார்ப்பவர் சொல்லும் மொழிதானே அதன் மொழி?

"இரண்டு மொழியைக் காதில் போட்டால் குழந்தை குழம்பிப்போகாதா?" என்று கேட்பார் உண்டு. 1962-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்த பத்து வயதுப் பிள்ளைகளை, ஒரே மொழி அறிந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு மொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. அறிவுத் தேர்வுகளில் முன்னே நின்றார்கள்! மழலைப் பேச்சில் இரு மொழிச் சொற்களும் கலந்து வரும். வரட்டும்! வளர வளரப் பிள்ளையே பிரித்துக்கொள்ளும்.

குழப்பத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். புறக்கணிப்பைக் கண்டு அஞ்சுவோம். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியிலே தமிழ்ப் பாடம் உண்டு. 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' உண்டு. ஆனால் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், 2010-ன் மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 3.3 பேர், 2020-ல் 2.5 பேர். அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-லிருந்து 48.3 ஆயிற்று. சட்டம் வாசல்வரை வரும். வீட்டுக்குள்ளே மொழியைக் காப்பது தாயும் தந்தையும் அல்லவா?

ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகை இல்லை. 1968 முதல் இருமொழியே தமிழ்நாட்டின் கொள்கை. மூத்தவள் ஆங்கிலக் கதையைத் தங்கைக்குப் படிக்கட்டும். தந்தை தமிழிலே சொல்லட்டும். இரண்டுக்கும் வீட்டில் இடம் உண்டு. ஒன்றுக்கு மடி, இன்னொன்றுக்கு மூலை என்பதுதான் கூடாது!

நம் பாட்டன்மார் காலத்தை எண்ணிப் பாருங்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்பார்கள். கேட்கக் கேட்க ஆசை பிறந்தது. ஆசை பிறந்தபின் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். குழந்தைக்கும் அதுவே வழி. முதலில் செவி, பிறகு ஆசை, அதன் பின்னரே எழுத்து. அதற்குத் தந்தையின் மடியே முதல் படிப்பகம்!

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டால் பத்து முறையும் சொல்லுங்கள். பக்கத்தைத் தாண்டிப் புரட்டினால் விட்டுவிடுங்கள். ஓரத்தைக் கடித்தால் அதட்டாதீர்கள். "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை மட்டும் வைத்துவிடாதீர்கள். மடி வகுப்பறையானால் பிள்ளை இறங்கி ஓடிவிடும்.

புத்தகத்துக்குப் பணம் ஏது என்கிறீர்களா? 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. இன்றும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்கிறது. நம் காசில் நடக்கும் நூலகத்துக்குள் நாம் நுழையத் தயங்கலாமா? குழந்தை நூல்கள் இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. சென்னையில் 1996-ல் தொடங்கிய துளிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. அக்காவும் அப்பாவும் சேர்ந்து படிக்க வேறென்ன வேண்டும்?

தோழர்களே! இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும், குழந்தை விழித்திருந்தால், மடியில் வைத்து ஒரு பக்கம் புரட்டுங்கள். விரலில் எண்ணெய்க் கறை இருக்கிறதே என்று கூச வேண்டாம். கறை பட்ட புத்தகத்தால் எந்தப் பிள்ளையும் கெட்டதில்லை. கை படாத புத்தகத்தால் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை!